மாமனார் வீட்டுக் குழாயும் அரைக்கிலோ பேஸ்ட்டும்

கல்யாணமான புதிதில் மருமகன் எதைச் சொன்னாலும் மாமனார் வீட்டில் தலையாட்டுவார்கள். அது மரியாதை. என் அறிவைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு சரியாக இரண்டு மாதம் நீடித்தது.

எங்களுக்குச் சேலத்தில் குழாய்ச் சாமான் கடை. படிப்பு முடிந்ததிலிருந்து கல்லாவில் நிற்கிறேன். என் கையால் ஒரு குழாயைக்கூட மாட்டியதில்லை (எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவோம், கடைக்காரர் மானம் என்னாவது என்று வெளியில் சொல்ல மாட்டோம்). ஆனால் யோசனை சொல்வதில் நான் கர்ணன். எந்த ஜாயிண்ட்டைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பேஸ்ட்டை நல்லாத் தாராளமா பூசுங்க." தண்ணீர் கசியாமல் இருக்க மரையில் பூசுவார்களே, அந்தப் பிசின் மாதிரியான பேஸ்ட். பாதிப் பேர் அதோடு திரும்பி வரவே இல்லை. குறை இல்லாததால் வரவில்லை என்று நம்பினேன்.

மனைவி செல்விக்கு ஊர் ஏற்காட்டில் மாரமங்கலம். மாமனாருக்கு அங்கே காப்பித் தோட்டம். விருந்துக்கு வரச் சொல்லி அழைத்திருந்தார்கள். போன நேரம் பழம் பறிக்கிற நேரம். விடிந்ததிலிருந்து எட்டுப் பேர் பறித்துக் கொட்டிய பழம் வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. அதை அன்று பொழுது சாய்வதற்குள் பல்ப்பர் மிஷினில் போட்டுத் தோலுரித்தாக வேண்டும். கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், காப்பி கெட்டது. மிஷினுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் மேலே உள்ள ஊற்றிலிருந்து ஒரு கருப்புக் குழாயில் சரிவோடு இறங்கி வருகிறது. அந்தக் குழாயில், மிஷினுக்குப் பத்தடி முன்னால், ஒரு ஜாயிண்ட் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்டு என்றால் சொட்டுத்தான். ஒரு குருவி குளிக்கக்கூடப் பற்றாது. என் கண்ணில் அதுதானா பட வேண்டும்!

"மாமா, இது லீக்காவுதுங்க."

"அது கெடக்குதுங் மாப்ள. நீங்க வந்து உக்காருங்க."

மிஷினை ஓட்டிக்கொண்டிருந்த பொன்னியக்கா எட்டிப் பார்த்தார். பல வருஷமாக அந்தத் தோட்டத்துத் தண்ணீர் அவர் பொறுப்பு. "நட்டு லூசாயிருக்குதுங்க. கையால ஒரு திருகு திருகுனா நின்னு போயிருமுங்க."

"அப்படி விடக்கூடாதுங்க அக்கா," என்றேன் நான், கல்லாக் குரலில். "பேஸ்ட் போடாத ஜாயிண்ட்டும் தாலி கட்டாத கல்யாணமும் ஒண்ணு."

(இதை அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.)

மாமனார் பொன்னியக்காவைப் பார்த்தார். பொன்னியக்கா மிளகுக் கொடியைப் பார்த்தார். புது மாப்பிள்ளையிடம் "உங்களுக்குத் தெரியாது" என்று யார் வாயைத் திறந்து சொல்வது? "மாப்ள சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்," என்றார் மாமனார். செல்வி மட்டும் என் காதோரம் வந்து, "பேசாம சாப்பிட வாங்க, மானத்த வாங்காதீங்க," என்றாள். அவளுக்கு நம் தொழில் என்ன தெரியும் என்று காரிலிருந்த அரைக்கிலோ டின்னை எடுத்து வந்தேன்.

அந்த ஜாயிண்ட்டின் விஷயத்தை இப்போது சொல்கிறேன். அன்று எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு ரப்பர் வளையம், பல் வைத்த ஒரு வளையம். நட்டை இறுக்கினால் ரப்பர் தண்ணீரை அடைக்கும், பல் குழாயைக் கடித்துப் பிடிக்கும். வேறு ஒரு மண்ணும் வேண்டாம். பேஸ்ட் பூசினால் பல்லுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கும்.

நான் பூசினேன். பொன்னியக்கா மேலே ஏறிப்போய் வால்வை அடைத்துவிட்டு வர, குழாயில் பூசினேன், ரப்பரில் பூசினேன், பல்லில் ஒரு இடுக்கு விடாமல் அப்பினேன். மாட்டி இறுக்கினேன். அவர் மறுபடி ஏறிப்போய் வால்வைத் திறந்துவிட்டு வந்து மிஷினை ஓட்டினார். ஒரு சொட்டு இல்லை!

"பாத்தீங்களா மாமா?"

மாமனார் பார்க்கலாம் என்று குனிந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

பட்டென்று ஒரு சத்தம். குழாய் ஜாயிண்ட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாம்பாய்த் துள்ளியது. முதலில் பேஸ்ட், அதன்பின் தண்ணீர், இரண்டும் நேராக மாமனார் மார்பில். நான் பாய்ந்து குழாயைப் பிடித்தேன். கை வழுக்கியது. திருப்பிச் சொருகலாம் என்று அவசரத்தில் நட்டைக் கழற்றினேன். அதுவும் வழுக்கி, சரிவில் உருண்டு காப்பிச் செடிகளுக்குள் போய்விட்டது. மிஷின் நின்றது. பாதிப் பழம் அப்படியே கிடக்கிறது. பொழுதோ இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பேஸ்ட் வெச்சா..." என்றேன்.

"அட கிறுக்குப் பயலே! உடுறா அத! கைய எடுறா!"

சொன்னது மாமனார். அவருக்கே திக்கென்றிருக்கும், ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. பொன்னியக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வால்வுக்கு ஓடினார். அந்த முதுகு குலுங்கியது எதற்கென்று எனக்குத் தெரியும்.

நானும் செல்வியும் செடிகளுக்கடியில் தவழ்ந்து நட்டைத் தேடினோம். அவள்தான் எடுத்தாள். மாமனார் பேஸ்ட் அப்பிய முனையை நாலு விரற்கடை அறுத்துப் போட்டார். வளையங்களைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார். வெறும் குழாயைச் சொருகி நட்டைக் கையாலேயே இறுக்கினார்.

"அவ்வளவுதானுங்களா மாமா?"

"அவ்வளவுதான். அதத்தான பொன்னி அப்பவே சொன்னா?"

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. விருந்து இலை உள்ளே காய, நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடை கூடையாகப் பழம் சுமந்தேன். கடைசிக் கூடை மிஷினில் விழும்போது எதிர்மலையில் சூரியன் பாதி போயிருந்தது. ஒரு பழமும் கெடவில்லை. "போய்ச் சாப்புடு கண்ணு," என்றார் மாமனார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு நாற்காலி யாரும் எடுத்துப் போடுவதில்லை. நானே போய் எடுத்துக்கொள்கிறேன். தோசையில் செல்வி நெய்யை அதிகம் ஊற்றினால், "உம்பட ஊட்டுக்காரன் பூசுனாப்புல ஊத்தாத," என்கிறார்கள்.

போன தை மாதம் செல்வியின் தங்கைக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மஞ்சக்குட்டையிலிருந்து ஒரு ஜீப் நிறைய வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஜாதகம், வேலை, சம்பளம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. தட்டைக் கையில் எடுத்த மாமனார், சட்டென்று அதைக் கீழே வைத்தார். எல்லார் முகமும் மாறியது.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. மறைக்காம சொல்லோணும். உங்களுக்குக் குழாய் வேலை தெரியுமுங்களா?"

பாவம், பையனுக்கு வேர்த்துவிட்டது. "சத்தியமா ஒண்ணும் தெரியாதுங்க மாமா."

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டைத் தூக்கினார்.

"நொம்ப சந்தோசமுங்க. மாத்திக்கலாம்."