தாழ்ப்பாளில் மாட்டிய சட்டை

அலுவலகத்தில் கற்றுக்கொண்ட எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. நான் கொண்டுவந்தேன். பிரச்சினைகளைத் தீர்ப்பது எப்படி என்று சிறுசேரியில் எங்கள் கம்பெனி பயிற்சி கொடுத்தது. (மதியம் பிரியாணி. அதற்காகத்தான் போனேன்.) பிரச்சினை என்னவென்று முதலில் தெளிவாகச் சொல், பிறகு 'ஏன், ஏன்' என்று கேட்டுக் காரணத்தைப் பிடி, அப்புறம்தான் கை வை என்றார்கள்.

அந்த வாரமே தாம்பரத்தில் மச்சினிச்சிக்கு நிக்காஹ். பெண்ணின் தகப்பன் இல்லாமல் நடக்காது. தகப்பனோ, அதாவது என் மாமனார், வண்டலூரில் எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள் இருந்தார். அவர் வீடு முழுக்க விருந்தாளிகள் என்பதால் எங்களோடு தங்கியிருந்தார்.

"மாப்ள, தாழ்ப்பாள எடுத்துட்டேன். கதவு வரமாட்டேங்குது."

"பதறாதீங்க மாமா. மொதல்ல பிரச்சினை என்னன்னு தெளிவா சொல்லுங்க."

"கதவு தொறக்கல."

"ஏன் தொறக்கல?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மாப்ள துண்டோட நிக்கிறேன்?"

(இப்படிப் பதில் சொல்பவர்களை என்ன செய்வதென்று பயிற்சியில் சொல்லித்தரவில்லை.)

உள்தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது என்று முடிவு கட்டினேன். பார்க்காமலே. கதவுக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைத் தள்ளிவிட்டேன். மாமா தாழ்ப்பாளையே கழற்றினார். தாழ்ப்பாள் கையோடு வந்தது, கதவு வரவில்லை. மண்டபத்திலிருந்து மாமியார் போன் செய்தார்: "நிக்காஹ் ஓதிவைக்க ஹஜரத் வந்து உக்காந்துட்டாரு. பொண்ணோட அத்தா எங்க?" கதவை உடைக்கத் தோளைத் தயார் செய்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க, அத்தா சட்டைய எடுத்துக்கறேன். கசங்கிடும்" என்று என் மனைவி நஸ்ரீன் கதவில் தொங்கிய சட்டையை எடுத்தாள். பின்னால் வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

போட்டவன் நான்தான். இஸ்திரி போட்ட சட்டையை அதில் மாட்டினால் ஹேங்கர் வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளியதும் நின்றது. ஒரு பிரச்சினையைத் தீர்த்த பெருமையோடு டீ குடிக்கப் போய்விட்டேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஈரத் தலையோடு மாமா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஹஜரத் பொறுமைசாலி, நிக்காஹ் நடந்தது.

இப்போது வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும், என் பைக் கிளம்பாவிட்டாலும் மாமா ஒன்றுதான் கேட்பார்: "மாப்ள, சட்டைய எடுத்துட்டுப் பாத்தீங்களா?" மொத்தக் குடும்பமும் சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போன மாதம் ஆபீசில் ஒரு சிக்கல் பிடிபடாமல் எல்லோரும் முழித்தபோது, அதே கேள்வியை எனக்குள் கேட்டுப் பார்த்தேன். அரை மணியில் தீர்ந்துவிட்டது. அதை மட்டும் மாமாவிடம் சொல்லவில்லை.