அம்மா கேட்ட படமும் வெள்ளிக் கண்ணாடியும்

ஒரு பொருளை வாங்கப் போனால் அது எதற்கு என்று யோசிக்காமல், அதை அணிந்தால் நான் எப்படி இருப்பேன் என்று மட்டும் யோசிக்கிற வியாதி எனக்கு இளவயதிலேயே இருந்தது. (இப்போதும் இருக்கிறதா என்று என் மனைவியிடம் தயவுசெய்து கேட்காதீர்கள்.) அந்த வியாதி முற்றிப்போன காலத்தில் பனிச்சறுக்குக் கண்ணாடி ஒன்று வாங்கினேன். எனக்குப் பனியில் சறுக்கத் தெரியாது.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, அந்நிய நாட்டில், பனிமலைகள் சூழ்ந்த எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வயது இருபத்திரண்டு. வீட்டுக்குப் போட்ட கடிதங்களில் 'ஹோட்டலில் எழுத்து வேலை' என்று எழுதியிருந்தேன். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. குளிரறைக் கதவில் தொங்கும் தாளில் நாள்தோறும் வெப்பநிலையை நான்தான் எழுதுவேன்.

ஒருநாள் அம்மாவின் கடிதம் வந்தது. "ராசா, ஆமிக்காரர் வீடு சோதிக்க வருகினம் எண்ட பயத்தில உன்ர படம் எல்லாத்தையும் அடுப்பில போட்டிட்டன். இப்ப எடுத்துப் பார்க்க ஒண்டும் இல்லை. கண்ணை மூடினால் உன்ர முகம் வருகுது, ஆனால் முந்தின மாதிரித் தெளிவாய் இல்லை. முகம் வடிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு."

அந்த நாட்களில் இளம் பிள்ளைகள் இருந்த பல வீடுகளில் இதுதான் நடந்தது. கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்து அழுதேன். அழுது முடித்து முகம் கழுவியதும் என் வியாதி எழுந்துகொண்டது. படம் எடுப்பது சரி, எப்படிப்பட்ட படம்?

வீட்டுக்குப் படம் அனுப்புவதற்கு எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு முறை இருந்தது. நமக்குச் சொந்தமில்லாத ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில், சொந்தக்காரன் மாதிரி நிற்கவேண்டும். என்னோடு கோப்பை கழுவிய சிவபாதம் அண்ணையிடம் கமரா இருந்தது. அந்தக் கிராமத்தில் யார் கார் நிறுத்தினாலும் அதில் சாய்ந்து நின்று படம் எடுத்து அனுப்பிவிடுவார். அவரிடம் ஒன்பது கார் இருப்பதாக ஊரில் பேச்சு.

"அண்ணை, எனக்குக் கார் வேண்டாம். பனியில சறுக்கிற ஆள் மாதிரி எடுப்பம்" என்றேன்.

"உனக்குச் சறுக்கத் தெரியுமோ?"

"படத்தில அது தெரியவோ போகுது? சும்மா நிண்டால் காணும்."

அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கண்ணாடி வேணும். அது இல்லாட்டில் கோப்பை கழுவுறவன் பனி வழிக்க வந்த மாதிரித்தான் இருக்கும்."

ஸ்டேசனுக்கு எதிரே இருந்த கடைக்குப் போனேன். அங்கே நரைத்த முடியுடைய ஒரு பெண்மணி இருந்தார். நல்ல மனுசி. எனக்கு டொச்சு மொழி விளங்காது என்று கண்டதும் கையால் கேட்டார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் வெயில், கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டினால் மூட்டம். நான் இரண்டுக்கும் "யா, யா" என்றேன். அவர் மஞ்சள் நிறக் கண்ணாடி ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டி, மூக்குப் பக்கம் காற்றுப் போகிறதா என்று தொட்டுப் பார்த்து, என்னைக் கடை வாசலுக்குக் கூட்டிப்போய் வெளியே கிடந்த பனியைக் காட்டினார். நான் திரும்பிக் கடைச் சுவரில் இருந்த நிலைக்கண்ணாடியைப் பார்த்தேன். அவர் என் கண்களைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். இதற்குள்ளால் உன் கண் நன்றாகத் தெரிகிறது என்பது அந்தச் சிரிப்பின் பொருள்.

எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. கண் தெரிந்தால் நான் நானாகவே அல்லவா இருப்பேன்!

ஏழு கண்ணாடி மாற்றினேன். ஒன்றுக்குள்ளாலும் வெளியே பார்க்கவில்லை. கடைசியில் முன்பக்கம் முழுக்க வெள்ளி பூசியது ஒன்று கிடைத்தது. கும்பா மினுக்கின மாதிரி ஒரு மினுக்கம். போட்டால் என் அரைவாசி முகத்தைக் காணோம், மிச்சம் இருந்தது பட நடிகன். அந்த அம்மா தலையை ஆட்டி, கண்ணுக்கு முன்னால் விரல்களை ஆட்டி, கூடாது கூடாது என்று என்னென்னவோ சொன்னார். நான் சம்பளக் காசை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பின்னேர வேலை தொடங்கும் வரை எங்களுக்கு ஓய்வு. அந்த நேரத்தில் யாரோ ஒரு விருந்தாளி சுவரில் சாத்தியிருந்த சறுக்குக் கட்டைகளை (கேட்காமல்தான்) எடுத்துக்கொண்டு குசினிக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறினேன். மேலே அனோராக் குளிர்ச்சட்டை, கீழே குசினிக் கட்டம்போட்ட கால்சட்டை. அண்ணை அப்ரோனைக் கழற்றாமலே வந்திருந்தார்.

"பிலிமில ஒரு படம்தான் கிடக்கு. ஆடாமல் நில்!"

"முகத்தைக் கிட்டவா எடுங்கோ அண்ணை. அம்மா முகம்தான் கேட்டவ."

கிளிக் என்றது. அத்தோடு இறங்கி வந்திருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும். மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளிக்குள்ளால் மேடு எது, பள்ளம் எது, அண்ணை எது என்று ஒன்றும் புலப்படவில்லை. நான் அசையவில்லை. கட்டைகள் அசைந்தன. "பிடியுங்கோ அண்ணை!" என்று கத்தியது நினைவிருக்கிறது. அண்ணை என்னை விட்டுவிட்டுக் கமராவைப் பிடித்துக்கொண்டார். நான் நேராகப் போய்க் குப்பைத் தொட்டிகளை அடித்து விழுத்தி, சிகரெட் பிடித்துக்கொண்டு நின்ற தலைமைச் சமையல்காரரின் காலடியில் மல்லாந்து கிடந்தேன். அவர் குனிந்து என் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஐந்து மணிக்கு உருளைக்கிழங்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

படம் கழுவி வந்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. "படம் கிடைச்சுது. மூக்கும் வாயும் உன்ரதான். கண்ணைக் காணேல்லை. கண்ணில ஏதும் வருத்தமோ, மறைக்கிறியோ? தங்கச்சி பூதக்கண்ணாடி வைச்சுப் பார்த்தவள். நீ போட்டிருக்கிறதுக்குள்ள ஒரு பெடியன் அப்ரோனோட நிக்கிறான், பக்கத்தில குப்பைத் தொட்டி, குசினிக் கதவு. குசினி வேலையெண்டால் சொல்லன் ராசா. அதில என்ன வெக்கம், சாப்பாடாவது நேரத்துக்குக் கிடைக்கும். அந்தப் பெடியன்ர முகம் வடிவாத் தெரியுது. உன்ரதுதான் தெரியேல்லை. வேற படம் ஒண்டு அனுப்பு."

வெட்கத்தில் இரண்டு நாள் அண்ணையோடு கதைக்கவில்லை. (கடிதத்தை வாசித்துக் காட்டியபோது, "படத்தில நான் வடிவா விழுந்திருக்கிறனாமோ?" என்று மட்டும் கேட்டார்.) உடனே வேறு படம் எடுத்திருக்கலாம். அரை மணித்தியால வேலை. ஆனால் பொய் பிடிபட்டவனுக்கு ரோசம் அதிகம். கோப்பையில் இருந்து சமையலுக்கு ஏறி, அந்த உயரமான வெள்ளைத் தொப்பியோடு எடுத்து அனுப்புவேன் என்று நினைத்தேன். அடுத்த மாதம், அடுத்த சீசன் என்று ஒன்றரை வருடம் போயிற்று. தொப்பி கிடைக்கவில்லை. ஊர் நிலைமை மோசமாகி, தபாலும் ஒழுங்காகப் போகாத நேரத்தில்தான் பயம் பிடித்தது. ஸ்டேசனில் இருந்த, காசு போட்டால் தானே படம் எடுக்கும் பெட்டிக்குள் போய்க் குந்தி, கண்ணை அகல விழித்து எடுத்து அனுப்பினேன்.

தங்கச்சி எழுதினாள். "அண்ணா, உங்கட படம் அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடுத்த நாள் வந்தது. முதல் படம் சாமியறையிலதான் இருந்தது. அம்மா நெடுகவும் சேலைத் தலைப்பால படத்தில நீங்கள் போட்டிருக்கிற கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்ப்பா. அந்த இடம் உரிஞ்சு வெள்ளையாப் போச்சு."

அம்மாவின் நோயைப் பற்றி எனக்கு யாரும் எழுதவில்லை. விசா இல்லாதவனுக்குச் சொல்லி என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள். அன்று பின்னேரமும் கோப்பை கழுவினேன். சிவபாதம் அண்ணை என் பக்கத்துச் சட்டிகளையும் சேர்த்துக் கழுவினார்.

பிறகு பேர்ண் நகரத்துக்கு, அதன் ஓரத்தில் இருக்கும் பூம்ப்ளிஸுக்கு வந்து குடும்பமாகிவிட்டேன். மகள் பள்ளிக்கூடத்தோடு பனியில் சறுக்கப் போகப் புறப்பட்டபோது கடையில் கண்ணாடிகளைக் காட்டி, "எது வடிவு அப்பா?" என்று கேட்டாள். "மஞ்சள். வாசலுக்குப் போய் வெளியே பார்த்திட்டு வா" என்றேன். இப்போது எனக்குத் தடித்த மூக்குக் கண்ணாடி. யாராவது கமராவைத் தூக்கினால் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். கழற்றினால் ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாம் மூட்டம். மகளின் கல்யாண அல்பத்தில் மாப்பிள்ளையை ஆசீர்வதிக்கிறேன் என்று பந்தல் கம்பத்தை ஆசீர்வதித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவார்கள்.

என்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்டது ஒரேயொரு ஆள். அவருக்கு நான் காட்டவில்லை. அதற்குப் பிறகு இந்தக் கண்கள் எந்தப் படத்திலும் மறையக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம்.

மகளுக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். அல்பத்தைக் காட்டும்போது அவள் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்:

"அப்பா ஆரைப் பார்க்கிறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கண் ரெண்டும் வடிவாத் தெரியுது, என்ன?"