ஒட்டு பாவாவும் கீழ்வீட்டுத் தொட்டிலும்

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தரையை நலம் விசாரித்துவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிற மனிதர் இந்த உலகத்தில் எங்கள் திருத்தணி ஒட்டு பாவா ஒருவர்தான். மரப்பலகைகளைப் பசை போட்டுத் தரையில் ஒட்டுவது அவர் தொழில். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். கதவு நிலைக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவார். அப்படி ஓர் உடம்பு.

மாடியில் மரத்தரை போட என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். சிக்கல் கீழ்வீட்டில் இருந்தது. அங்கே குடியிருந்த மல்லிகாவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. நாங்கள் நாற்காலியை இழுத்தாலே அவன் வீறிடுவான்.

"மரம் போட்டீங்கன்னா டக்கு டக்குன்னு கேக்கும்க்கா. நான் அம்மையார்குப்பத்துல எங்கம்மா வூட்டுக்கே போயிடுவேன்" என்று மல்லிகா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் போய்விட்டால் எனக்குப் பேச்சுத் துணை ஏது?

பாவா வந்தார். தரையில் காதை வைத்துப் படுத்தார்.

"மரத்துக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவுல சத்தத்த முழுங்கறதுக்கு ஒரு விரிப்பு போடணும்மா. எந்த விரிப்புன்னு நான் சொல்ல மாட்டேன். கீழ தூங்கறான் பாரு, அவன் சொல்லட்டும்."

அடுத்த முறை, விதவிதமான விரிப்புகளின்மேல் பலகை ஒட்டிக் காயவைத்தே எடுத்துவந்தார். மல்லிகா கீழே தொட்டிலருகே செல்போனுடன் உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் ஃபோம். மெத்தை மாதிரி இருந்ததால் என் வீட்டுக்காரருக்கு அதன்மேல்தான் கண். பாவா ஏறினார். பலகை படகுபோல ஆடி, ஃபோமைப் பிய்த்துக்கொண்டு நழுவியது. பாவா தொப்பென்று உட்கார்ந்தார். கீழே வீல் என்று அழுகை.

"மெத்துனு இருந்தா பசை பிடிச்சு நிக்காதுப்பா" என்று இடுப்பைத் தடவிக்கொண்டே விளக்கினார்.

குழந்தை மறுபடி தூங்கும்வரை டீ குடித்துவிட்டு, ரப்பர்மேல் குதித்தார். கீழே சத்தமில்லை. நான் கைதட்டப் போனேன். பாவா குனிந்து முகர்ந்தார்.

"சத்தம் அடங்குது, சரி. கதவ மூடினா டயர் கடையில குடித்தனம் பண்ற மாதிரி இருக்கும். பரவால்லீங்களா?"

என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டாமென்று தலையாட்டினார்.

அடுத்தது கார்க், பாட்டில் வாயை அடைக்கிற அதே தக்கை. குதித்தார். நாற்காலியை இழுத்தார். என் இட்லிப் பானை மூடியைக்கூடப் போட்டுப் பார்த்தார். பலகை இம்மியும் அசையவில்லை.

"இன்னாம்மா பண்றான்?" என்று போனில் கேட்டார்.

"தூங்கிகினே இருக்கான் பாவா!"

"அப்டீன்னா கார்க்குதான்!" என்று பாவா போட்ட குதூகலக் கூச்சல் ஜன்னல் வழியாகக் கீழே இறங்கி, குழந்தையை எழுப்பிவிட்டது.

மல்லிகா அழுகிற பிள்ளையோடு படியேறி வந்தாள். "அந்தக் கார்க்க மொதல்ல அவரு வாய்ல வைங்கக்கா!"

பாவா கூனிக் குறுகிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார். "தப்பு என்னுதுதான் நைனா, மன்னிச்சுடு" என்று அவனிடம் கிசுகிசுத்தார். அவன் அழுகையை நிறுத்தி அவர் மீசையைப் பிடித்தான். மல்லிகா சிரித்துவிட்டாள்.

கார்க்கைக் காங்கிரீட்டில் ஒட்டி, அதன்மேல் பலகைகளை ஒட்டி முடித்தார் பாவா. வேலை முடிந்து பசை காய்ந்தபின் ஒருநாள் மல்லிகா அவருக்கென்றே கறிக்குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு மாடிக்கு வந்து, தரையைக் கடைசியாகச் சோதிக்கிறேன் என்று காதை வைத்துப் படுத்தார். என்ன சொல்வாரோ என்று காத்திருந்தோம். குறட்டை வந்தது.

என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் போட்டார். கார்க் போட்ட தரைதான், தாராளமாக நடக்கலாம். ஆனாலும் அவராக எழுந்திருக்கும்வரை நாங்கள் யாரும் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை.