தொட்டிக்குள் போன கைக்குட்டை

கிளாருஸ் பள்ளத்தாக்கு,
7 பிப்ரவரி 1963, வியாழன்

ஞானஸ்நானத்தன்று என்னைக் கையில் ஏந்தி, இவள் நல்ல பெண்ணாக வளர்வாள் என்று பாதிரியாரிடம் வாக்குக் கொடுத்த என் அன்பான ஞானத்தாய் வெரேனா அவர்களுக்கு, ரெகுலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் தேவலையா? பூனை நலமா? இங்கே அப்பா நலம், அம்மா நலம், பனி இடுப்பளவு கிடக்கிறது. நான் நலமில்லை. நீங்கள் கொடுத்த வாக்கைச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு நான் கெடுத்துவிட்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் மெழுகுவர்த்தி வைத்து எழுதுகிறேன், கையெழுத்தை மன்னிக்கவும்.

அப்பா சாக்லேட் ஆலையில் கோன்ச் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நீளத் தொட்டியில் சாக்லேட் கூழை ஊற்றி, கருங்கல் உருளை மூன்று பகலும் மூன்று இரவும் நிற்காமல் முன்னும் பின்னும் உருண்டால்தான் சாக்லேட் நாக்கில் மணலாக நெருடாது. அந்த மூன்று நாளும் அப்பா வீட்டுக்கு வருவது சட்டை மாற்ற மட்டும். தண்ணீர் பட்டால் சாக்லேட் கட்டிதட்டிப் போகும் என்பதால், பனியில் வருகிறவர்கள் வாசலிலேயே தலையைத் துவட்டிக்கொண்டுதான் கூடத்துக்குள் காலெடுத்து வைக்க வேண்டும். போன வருடம் இயந்திரத்தை ஆசீர்வதிக்க வந்த பாதிரியாரையே, தீர்த்தம் கையில் இருந்ததால், அப்பா உள்ளே விடவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டவரின் மகள் நான், இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

செவ்வாய் மாலை அப்பாவுக்குச் சூப் கொண்டுபோனேன். எப்போதும் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று அப்பாவுக்குக் கிடங்கிலிருந்து மெழுகும் கந்தல் துணியும் அவசரமாக வேண்டியிருந்தது. பக்கத்துக் கூடத்தில், இத்தாலியிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் டீனோ மட்டும் கொக்கோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா என்னை உள்ளே கூப்பிட்டு, "அஞ்சு நிமிஷம் இங்க நில்லு. எதையும் தொடாதே. மூச்சு மட்டும் விட்டுக்கோ," என்றார். நான் எதையும் தொடவில்லை, முதல் மூன்று நிமிடம். பிறகு சூப் ஆறிவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது, அந்தச் சந்தோஷத்தில் மூடியைக் கையில் பிடித்தபடியே உருளை எப்படி உருளுகிறது என்று தொட்டிமேல் குனிந்தேன், மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்ததை நான் யோசிக்கவில்லை, ஆறு சொட்டு விழுந்தது, எண்ணினேன். அதை ஒற்றி எடுக்கலாம் என்று, நீங்கள் என் பெயரின் முதலெழுத்துகளைச் சிவப்பு நூலில் பின்னிக் கொடுத்த கைக்குட்டையை நீட்டினேன், உருளை வந்தது, கைக்குட்டை போனது, கைக்குட்டையைப் பிடிக்க இரண்டு கைகளையும் முழங்கைவரை விட்டேன், உருளை மறுபடி வருவதற்குள் வெறுங்கையை இழுத்துக்கொண்டேன், இரண்டு நிமிடம் கழித்து உருளை மாடு மாதிரி ஒரு முறை முனகிவிட்டு நின்றேவிட்டது.

அது நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்தில்தான் குழந்தைகள் தூங்குகின்றன. கோயில் பாடகர் குழு அதை வைத்துத்தான் தாளம் பிடிக்கிறது. அன்று ஒத்திகையில் ஆளுக்கொரு பக்கம் போய், பாட்டு பாதியில் நின்றதாம். ஐந்து நிமிடத்தில் பாதி ஊர், கையில் கரண்டியோடும் கழுத்தில் துணியோடும், சாப்பாட்டு மேசையிலிருந்து அப்படியே ஓடி வந்து கூடத்து வாசலில் நின்றது. அவ்வளவு அவசரத்திலும் ஒவ்வொருவராகத் தலையைத் துவட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கடைசியில் லாண்டோல்ட் முதலாளி வந்தார்.

பக்கத்தில் இருந்ததால் முதலில் ஓடி வந்தவர் டீனோ. மூட்டை தூக்கியதில் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முதலாளி அந்தச் சட்டையைத்தான் பார்த்தார். அறுபது வருடமாகப் பாதியில் நிற்காத உருளை, இத்தாலிக்காரன் வந்து ஆறு மாதத்தில் நின்றுவிட்டதே என்றார். தொட்டிப் பக்கமே வரவில்லை என்று டீனோ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ, "அவங்க ஊர்ல ஒயின்லயே தண்ணி ஊத்துறவங்க, இதுல ஊத்த மாட்டாங்களா?" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அப்பா மெழுகையும் துணியையும் பிடித்தபடி, தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

முதலாளி என்னிடம் குனிந்து, "ஏம்மா, நீ இங்கதான நின்னே. இவன் தொட்டிகிட்ட வந்தானா?" என்று கேட்டார். என் இரண்டு கைகளும் முழங்கைவரை சாக்லேட். ஊரில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை, எல்லோரும் டீனோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், ஒரே வார்த்தை.

"சூப் ஆறிப்போச்சு," என்றேன்.

ஞானத்தாயே, நான் சொன்னது அதுதான். பிள்ளை பயந்துபோயிருக்கிறாள், அவன் மிரட்டியிருக்கிறான் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். டீனோ என் கைகளைப் பார்த்தார், அவர் ஒருவர்தான் பார்த்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து என்னிடம் கொடுத்து, "துடைச்சுக்கோம்மா, காஞ்சா போகாது," என்று மெல்லச் சொன்னார். காட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

சனிக்கிழமை முதல் ரயிலில் அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள். அவர் மனைவி அசுந்தாவுக்கு ஏழு மாதம். அதே சனிக்கிழமைதான் இறுகிப்போன தொட்டியை உளி வைத்துச் சுரண்டப் போகிறார்கள்; அப்போது சிவப்பு எழுத்தோடு கைக்குட்டை வெளியே வரும். அதுகூட எனக்குப் பெரிய வெட்கமில்லை. கைக்குட்டை வராது என்று தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. அதுதான் பெரிய வெட்கம்.

முதலாளி உங்களிடம் நாலாம் வகுப்பு படித்தவர், இன்றும் உங்கள் பெயரைக் கேட்டால் தொப்பியைக் கழற்றுகிறார். காலையில் தபாலில் போட்டால் மாலைக்குள் இது உங்களுக்குக் கிடைக்கும். உடனே தொலைபேசியில் கூப்பிட்டு, செய்தது நான் என்று சொல்லிவிடுங்கள். என் வாயில் வராது, வந்தால் சூப்தான் வரும். பிறகு என்னை அங்கேயே அழைத்துக்கொள்ளுங்கள். பூனை தூங்கும் இடம் போதும்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும். முடிந்தால் என்னையும்.

முகம் காட்டத் துணியாத,
ரெகுலா கூப்ளி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது படியில் காலடிச் சத்தம். அப்பா. கையில் வெள்ளைத்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டு, "பேனா உன்கிட்டயா இருக்கு?" என்றார். அவரும் முதலாளிக்கு ரகசியமாகக் கடிதம் எழுதத்தான் இறங்கி வந்திருக்கிறார். என் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்தார். அன்றைக்கே, கூட்டம் கலைந்ததும், என்மேல் பழி வந்துவிடும் என்று தோண்டி எடுத்தாராம்.

"ஆறு சொட்டுக்கு நானூறு கிலோ சாக்லேட் இறுகி நிக்காதும்மா. அதுக்கு ஒரு வாளியாவது வேணும்," என்றார்.

தொட்டி சூடாக இருக்க அதன் அடியில் வெந்நீர் ஓடுகிறதாம். நவம்பரிலேயே அங்கே ஒரு விரிசல். ஆள் வைத்துச் சரிசெய் என்று முதலாளி சொன்னதற்கு, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மெழுகும் கந்தலும் வைத்து அடைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு ஓடியதும் அதற்குத்தான். "பாதிரியாரையே வாசல்ல நிறுத்தினவன் நான். தண்ணிய அடியிலயே வச்சிருந்தேன்," என்றார். அப்பா என்னைப் பார்க்காமல் பேசியது இதுதான் முதல் தடவை.

ஆகவே மேலே எழுதியது தவறு, சாக்லேட்டைக் கெடுத்தது நான் இல்லை. நீங்கள் யாரையும் கூப்பிட வேண்டாம், என்னை அழைத்துக்கொள்ளவும் வேண்டாம். விடிந்ததும் அப்பா முதலாளியிடம் போகிறார். ஆனால் சூப் ஆறிப்போச்சு என்று சொன்னது நான்தான், அதற்கு எந்த விரிசலும் காரணமில்லை. அதனால் அதற்கு முன்பே இருவரும் டீனோ வீட்டுக்குப் போகிறோம். யார் முதலில் பேசுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அவருடைய துணியைத் துவைத்துவிட்டேன். அப்பா அதை அடுப்பருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஈரம் துளிகூட இருக்கக் கூடாதாம்.