பஞ்சர் பாஸ்டரும் கம்ப்ரெசர் தாலாட்டும்

இந்த பூமியில் எத்தனையோ பேர் பஞ்சர் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் டயரைக் கழற்றுவதற்கு முன் அதன்மேல் கை வைத்து, கண்ணை மூடி, ஜெபம் செய்த ஒரே மனிதன் எங்கள் பஞ்சர் பாஸ்டர்தான். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன்.

மைசூர் ரிங் ரோட்டை ஒட்டி, எங்கள் தெரு முடிகிற இடத்தில் அவனுடைய தகரக் கொட்டகை. வயது முப்பதைத் தொட்டிருக்காது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கத்துத் தமிழன். அவன் பாஸ்டரும் இல்லை, பாஸ்டருக்குச் சொந்தக்காரனும் இல்லை. அந்த ஜெபத்தால் வந்த பட்டம்தான் அது. நிஜப் பெயரைக் கேட்டவர் யாருமில்லை.

ஜெபமும் ரொம்பச் சின்னது. “ஆண்டவரே, ஓட்டை எங்க இருக்குதுன்னு காட்டுங்க.” பிறகு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்குவான். குமிழி வந்ததும், “ஸ்தோத்திரம்!” என்று கத்துவான். முதலில் அவன் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தான். நாளடைவில், நெற்றி நிறைய சாமுண்டி குங்குமத்தோடு ஆபீசுக்குக் கிளம்பி வழியில் மாட்டிக்கொண்டவர்களும் கூடச் சேர்ந்து கத்த ஆரம்பித்தார்கள். ரயில்வே வேலைக்காக சேலத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. பூஜையறையில் முருகன் இருக்கிறார். ஆனாலும் குமிழியைப் பார்த்தால் என் வாயிலும் அந்த வார்த்தைதான் வந்தது. முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பாதி ஊர் அவன் நம்பரை ‘பாஸ்டர்’ என்றே போனில் போட்டு வைத்திருந்ததில் வினை வந்தது. அவனுடைய சபையைச் சேர்ந்த ஒரு அம்மா, நிஜ பாஸ்டர் என்று நினைத்து இவனைக் கூப்பிட்டு, “வீட்டுல கொஞ்ச நாளா சமாதானமே இல்ல பாஸ்டர், வந்து ஜெபம் பண்ணுங்க” என்று அழுதாராம். இவன் உடனே டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். போய்ப் பார்த்தால், மூலையில் பையனுடைய சைக்கிள் காற்றில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. அதை யார் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது என்பதில்தான் வீட்டில் சண்டையே. சைக்கிளைச் சரி செய்தான், ஜெபமும் செய்தான். அன்றைக்கே சமாதானம் வந்துவிட்டது.

பெண் குழந்தை பிறந்ததும்தான் அவனுடைய கிறுக்கு முழுசாக வெளியே வந்தது. குழந்தைக்குக் கிருபா என்று பெயர். அந்தச் சமயம் பார்த்து, நிஜ பாஸ்டர் வாலிபத் தகப்பன்மாருக்காகச் சீஷத்துவ வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் அப்பாவின் வாயைப் பார்த்து விசுவாசம் கற்றுக்கொள்வதில்லை, அவன் நடக்கிற விதத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கின்றன என்று அவர் சொல்லியிருக்கிறார். மற்ற அப்பாக்கள் ஆமென் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இவன் மட்டும், இனி வாயில் பொய்யே வரக்கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டு கடையைத் திறந்தான்.

பஞ்சர் கடையில் பொய் சொல்லாமல் எப்படி? “அஞ்சே நிமிஷம்” என்பதே அந்தத் தொழிலின் முதல் பொய்யல்லவா? பின்னாளில் குழந்தையையும் கடையிலேயே வைத்துக்கொண்டபோது, எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால், “பாப்பா தூங்குனா அர மணிங்ணா. எந்திரிச்சுட்டா சாயங்காலங்” என்றான். பாதிப் பேர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பாதிப் பேர், பாப்பா தூங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

நான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டு மாட்டிக்கொண்டேன். “டயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்குமாப்பா?”

அவன் டயரைப் பார்த்தான். என் தலையைப் பார்த்தான். மறுபடி டயரைப் பார்த்தான். “பொய் சொல்லக் கூடாதுங்ணா. ரெண்டும் ஒரே ஸ்டேஜுலதான் இருக்குது. டயராவது மாத்திக்கலாங்.”

இந்த உண்மை விளம்பல் வீட்டுக்கும் போனது. அவன் மனைவி ஸ்டெல்லா தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளியூர்க் கன்னடக்காரி. “ரீ, சாறு ஹேகிதே?” என்று ஆசையாக ரசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். இவன் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். மறுநாள் மத்தியானம் பக்கத்துக் கடை இட்லியைத் தின்றுகொண்டிருந்தான்.

“என்னப்பா, வீட்டுச் சாப்பாடு?”

“உண்மைக்குக் கெடச்ச சம்பளங்ணா இது. பாஸ்டர்கிட்டக் கேட்டேன். உண்மையை அன்போட சொல்லோணுமாம்.”

“சரி, இனிமே அன்போட சொல்லு.”

“சொல்லிப் பார்த்துட்டேனுங். ‘ஸ்டெல்லா, நான் உன்னைய உசுரா நேசிக்கறேன், சாறுல உப்பு ஜாஸ்தி’ன்னேன். அதுக்குத்தான் இந்த இட்லி.”

ஸ்டெல்லா மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியபோது குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வந்தது. இரண்டு பேர் வீட்டுப் பெரியவர்களும் தூரத்தில். அவன் யோசிக்கவே இல்லை. “சீஷன்னா பின்னாடியே வர்றவன்தானுங்ணா? எனக்குப் பின்னாடி வரப் போறது இவ ஒருத்திதான். கடைக்கே வரட்டும்” என்றான். கொட்டகையின் உள்பக்கம் தடுப்பு கட்டி, ஒரு டிராக்டர் டியூபைப் பாதி காற்றோடு போட்டு, மேலே ஸ்டெல்லாவின் பழைய சேலையை நாலாக மடித்து விரித்தான். மைசூர் மகாராஜா குழந்தைக்குக்கூட அப்படியொரு மெத்தை கிடைத்திருக்காது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. காற்றடிக்கிற கம்ப்ரெசர் ஓடினால்தான் கிருபா தூங்கினாள். டுகுடுகுடுகு என்று அது ஓடும்வரை சொர்க்கம். நின்ற அடுத்த நொடி அவள் போடும் கூச்சலில் ரிங் ரோட்டு லாரிகளே ஹாரனை நிறுத்திவிட்டுக் கேட்கும். வீட்டில் கம்ப்ரெசர் ஏது? அதனால் அவனே வாயால் ஓட்டப் பழகினான். உதட்டைக் குவித்து, கன்னத்தை உப்பி, டுகுடுகுடுகு. அவள் கண் சொருகியதும், காற்றை விடுகிற மாதிரி மெதுவாக ஒரு ‘புஸ்ஸ்’.

“ஏன்ரீ இது, மானம் போகுது! பாப்பாவைத் தூக்கிட்டு என் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப வார்டுலயும் இப்படித்தான் பண்ணீங்க” என்று ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொள்வாள். குழந்தை தூங்கிவிடுவதால் அதற்கு மேல் திட்டவும் முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இது முற்றியது. அன்றைக்கு நடந்ததை எனக்குச் சொன்னவர் நிஜ பாஸ்டரே. அவர் பைக்குக்கும் இவன்தானே டாக்டர். எலியா தீர்க்கதரிசியிடம் கடவுள் பெருங்காற்றில் பேசவில்லை, நெருப்பில் பேசவில்லை, மெல்லிய சத்தத்தில்தான் பேசினார் என்று உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்திருக்கிறார். “அந்த மெல்லிய சத்தத்தை இப்போது நாமும் கேட்போம்” என்று கண்ணை மூடினார். சபையே மூச்சடக்கிக் காத்திருந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து, “டுகுடுகுடுகுடுகு…”

பாஸ்டருக்குச் சிரிப்பு. சபைச் செயலாளருக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். முடிந்ததும் இவனைத் தனியே கூப்பிட்டு, “தம்பி, இது ஆலயம். ஒர்க்‌ஷாப் இல்ல. குழந்தை அழுதா வெளியே கொண்டு போ” என்றார்.

அடுத்த சில வாரம் அவன் பைக் நிறுத்துகிற இடத்தில் குழந்தையோடு நின்றான். உள்ளே பாட்டு, வெளியே டுகுடுகு. அப்புறம் போவதையே நிறுத்திவிட்டான். ஸ்டெல்லா மட்டும் தனியாகப் போய், கண் சிவந்து திரும்பி வந்தாள். கடையில் டயருக்கு ஜெபம் நின்றது. குமிழி வந்தாலும் யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவன் நிமிரவே இல்லை.

அந்த நேரத்தில்தான் பாஸ்டர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நானும் அங்கே இருந்தேன்.

“ஏன் தம்பி ஆராதனைக்கு வர்றதில்ல?”

வேறு யாராக இருந்தாலும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். இவனுக்கு அந்த வழி இல்லை.

“என்னைய வெளிய அனுப்புனது பரவால்லீங் பாஸ்டர். ஆனா இவளுக்கு? கோயில்னா அது வெளிய நிக்கற எடம்னு இவ நெனச்சுட்டா, நான் பொறவு என்னத்தச் சொல்லி உள்ள கூட்டிட்டுப் போவேன்?”

பாஸ்டர் பைக்கை ஸ்டாண்ட் போட்டார். தடுப்புக்குள் போய், டியூப் மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்த கிருபாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து, “வர்ற ஞாயிறு இவளுக்கு ஞானஸ்நானம். நடு வழியா, முன்னாடி வரைக்கும் நீயே தூக்கிட்டு வரணும்” என்றார்.

“கத்துவாளுங் பாஸ்டர்.”

“கத்தட்டும். அவ சபைதானே.”

எனக்கும் அழைப்பு வந்தது. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டையில், வெள்ளைக் கவுன் போட்ட குழந்தையோடு, பஞ்சர் பாஸ்டர் நடுவழியே நடந்து வந்தான். நகத்தில் மட்டும் கிரீஸ் போகவில்லை. பாஸ்டர் குழந்தையைக் கையில் வாங்கினார். முதல் சொட்டுத் தண்ணீர் நெற்றியில் பட்டதும் கிருபா ஆரம்பித்தாள். மைக்கையும் மீறிய கூச்சல். பாஸ்டர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா செயலாளரைப் பார்த்தான். பார்த்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டான். கண்ணில் நீர் கட்டி நின்றது.

அப்போது, “டுகுடுகுடுகு…”

ஸ்டெல்லா! கஞ்சி போட்ட பட்டுச்சேலையில், தலையில் முக்காட்டோடு, கன்னத்தை உப்பிக்கொண்டு! வெட்கத்தில் முகம் சிவந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. குழந்தை ஒரு நொடி திகைத்தது. பாஸ்டர் அந்த ஒரு நொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மைக்கிலேயே, “டுகுடுகுடுகு” என்றார். பாடகர் குழு சேர்ந்துகொண்டது, அதுவும் நாலு சுதியில். பிறகு மொத்தச் சபையும். நானும்தான். சபை முழுக்கக் கம்ப்ரெசராக மாறி ஓட, கிருபா சுற்றுமுற்றும் பார்த்தாள். கொட்டாவி விட்டாள். தூங்கிவிட்டாள். தூங்குகிற நெற்றியில் பாஸ்டர் மிச்சத் தண்ணீரைத் தெளித்து ஞானஸ்நானத்தை முடித்தார்.

எல்லோரும் நிறுத்தினோம். ஆலயம் முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒரு கம்ப்ரெசர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளர். கண்ணை இறுக மூடி, முழுமனதாக, டுகுடுகுடுகு. யாரோ தோளைத் தொட்டதும் விழித்துப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல், “புஸ்ஸ்” என்று முடித்து வைத்தார். ஆலயம் அதிர்ந்த சிரிப்பில் அதிகமாகச் சிரித்தவன் பஞ்சர் பாஸ்டர். சிரிக்கிறானா அழுகிறானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிறகு பந்தலில் பிரியாணி. நான் இலையில் கை வைக்கப் போன நேரம் அவன் ஓடி வந்தான். “ரெண்டு நிமிஷம் புடிங்கண்ணா, தயிர்ப் பச்சடி பரிமாறிட்டு வந்துர்றேன்” என்று கிருபாவை என் மடியில் வைத்துவிட்டு, வாளியோடு பந்திக்குள் மறைந்தான். ஒவ்வொரு இலையாக நின்று, ஒவ்வொருவரிடமும் பேசி, செயலாளருக்கு இரண்டு தடவை ஊற்றி, எங்களை மறந்தே போனான். என் கை மரத்துவிட்டது. இலையில் பிரியாணி ஆறிப்போயிருந்தது. ஸ்டெல்லா பதறி வந்து, “குடுங்கண்ணா, நீங்க சாப்பிடுங்க” என்று கை நீட்டினாள்.

“பரவாயில்லம்மா, பசிக்கல. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்” என்றேன்.