ஓடாத வரைக்கும் ஒரிஜினல்

கார் வெச்சிருக்கிறவன் அதை ஓட்டணும்னு ஆசைப்படறது மனுஷ சுபாவம். இந்தச் சுபாவத்தை எப்படியாவது ஒழுங்குபடுத்தணுமேன்னு ஹேசல்பரோ நகரசபைக்கு ரொம்ப நாளா கவலை. டெட்ராய்ட்டுக்கு வடக்க இருக்கிற ஊரு அது. அங்க பாதிப் பேரு கார் செஞ்சவங்க, மீதிப் பேரு அந்தக் காரைப் பத்திப் பேசியே பொழுதைப் போக்கறவங்க.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாசம் மூணாவது சனிக்கிழமை, பழைய பெட்ரோல் காருங்கெல்லாம் பெரிய ரோட்டுல உறுமிக்கிட்டே ஊர்வலம் போகும். காஸ்மிர் வோய்டா தன்னோட 1970 ரெயிடர் கார்ல, பக்கத்து சீட்டுல பொண்டாட்டி டெல்ஃபீனை உக்கார வெச்சு நாப்பத்தொம்பது தடவை போயிருக்கார். இந்த வருஷம் போனா அம்பது. டெல்ஃபீன் அதுக்குன்னு புதுசா ஒரு தலைத்துணியே வாங்கி வெச்சிட்டா.

இந்த வருஷம் பாத்துதான் நகரசபை ஓர் அறிவிப்பு விட்டுச்சு. எதிர்காலம் மின்சாரத்துக்கே உரியது. ஆகையால் பெட்ரோல் கார் இனிமே பெரிய ரோட்டுக்கு வண்டியா வரப்படாது, பாரம்பரியப் பொருளா மட்டும் வரலாம். ஆலையை விட்டு வெளிய வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே, அணுவளவும் மாறாம இருக்கிற காருக்கு மெய்த்தன்மை வாரியம் சான்றிதழ் கொடுக்கும். சான்றிதழ் இல்லாத கார் ரோட்டு முனையிலயே மறிக்கப்படும்.

"நம்ம காருக்கு என்ன குறை? தங்கம்லா"ன்னார் காஸ்மிர். அங்கதான் வம்பு ஆரம்பிச்சுது.

வாரியத்து அதிகாரி ஆல்காட் வந்தார். வெள்ளைக் கையுறை, டார்ச் லைட்டு, அறுநூத்திப் பன்னெண்டு பக்கத்துல ஒரு புஸ்தகம். வலது பக்கக் கதவை மூடினார், தொறந்தார், மறுபடி மூடினார். முகம் வாடிப்போச்சு.

"சார், இந்தக் கதவு சரியா மூடுது."

"ஆமாங்க. ரெண்டு மாசம் உழைச்சேன்."

"அதான் சார் பிரச்சினை. ஆலையில இதைக் கோணலா மாட்டித்தான் அனுப்பினாங்க. மழை பேஞ்சா தண்ணி உள்ள வரணும். புஸ்தகத்துல இருக்கு. பெயின்ட்டும் பாருங்க, ஒரு சொட்டுகூட வழியல. இவ்வளவு நல்லா இருந்தா எப்படி சார் நம்பறது?"

காஸ்மிர் ஒரு வாரம் உக்காந்து கதவைக் கோணலாக்கினார். பெயின்ட்டை வழிய விட்டார். டெல்ஃபீன் வந்து எட்டிப் பாத்துட்டு, "கல்யாணம் ஆன புதுசுல நீ சமையக்கட்டுக்கு அடிச்சுக் குடுத்த மாதிரியே இருக்கு. இது ஒரிஜினல்தான்"னா.

ரெண்டாவது சோதனை. ஆல்காட் இன்ஜினுக்குப் பின்னாடி டார்ச்சை அடிச்சார்.

"இங்க சாக்பீஸ்ல மூணு கோடு இருக்கணுமே? ஸ்டீயரிங்கைச் சோதிச்சாச்சுன்னு ஆலைத் தொழிலாளி போடற ரகசியக் குறி. நாப்பது வருஷ ஆராய்ச்சி சார்."

காஸ்மிர் விழுந்து விழுந்து சிரிச்சார். "யோவ், அந்தத் தொழிலாளியே நான்தான்யா! எழுபதுல அந்த வரிசையில பத்தொம்பது வயசுப் பையனா நின்னவன் நான். எங்க மேஸ்திரி ஒரு நாளைக்கு எத்தனை தடவை கக்கூஸ் போறான்னு பந்தயம் வெச்சோம். அதுக்குப் போட்ட கோடுய்யா அது. ஸ்டீயரிங்கை எவன் சோதிச்சான்?"

ஆல்காட் சிரிக்கல. "இதுக்கு ஆதாரம் இருக்கா சார்?"

"நானே இங்க நிக்கறனே."

"நீங்க புஸ்தகத்துல இல்லையே."

"சரி, சாக்பீஸைக் குடு. இப்பவே போட்டுக் காட்டறேன்."

போட்டார். சர் சர் சர்ருன்னு மூணு கோடு. ஆல்காட் கோணமானியை வெச்சு அளந்துட்டு உதட்டைப் பிதுக்கினார். "பன்னெண்டு டிகிரி சாயுது. பதினேழு சாயணும். மன்னிக்கணும் சார், இது போலி."

கடைசியில, வாரியத்தால் அங்கீகரிக்கப்பட்ட சாக்பீஸ் நிபுணர் ஒருத்தர் டொலிடோவிலேருந்து வந்தார். காஸ்மிர் ஆலையை விட்டு ரிட்டையர் ஆன வருஷம் பொறந்தவர். கண்ணை மூடி, மூச்சை இழுத்துப் பிடிச்சு, பதினேழு டிகிரியில மூணு கோடு போட்டார். ஆல்காட்டுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"பாத்தீங்களா சார்? இதுதான் உண்மையான தொழிலாளியோட கை."

சான்றிதழ் வந்துருச்சு. கூடவே ஒரு நிபந்தனைத் தாளும் வந்துச்சு. டெல்ஃபீன்தான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிச்சா: "மேற்படி பொருள் ஆலையை விட்டு வந்தபோது ஆறு மைல் மட்டுமே ஓடியிருந்தது. ஆகவே இனி ஓர் அடி ஓடினாலும் மெய்த்தன்மை குறையும். மேற்படி பொருள் ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாம். ஓடக்கூடாது."

"ஓடாம எப்படிடி ஊர்வலம் போறது?"

"டிரெய்லர் மேல ஏத்தி இழுத்துட்டுப் போவாங்களாம். எலக்ட்ரிக் லாரி. இன்ஜினையும் போடக்கூடாதாம்."

காஸ்மிர் போகவே மாட்டேன்னு ரெண்டு நாள் முரண்டு பிடிச்சார். டெல்ஃபீன் தலைத்துணியைக் கட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. ஏறி உக்காந்துட்டார்.

சனிக்கிழமை ஊர்வலம் சத்தமே இல்லாம நகந்துச்சு. நாப்பத்தொரு டிரெய்லர், மேல நாப்பத்தொரு கார், உள்ள நாப்பத்தொரு கிழவனுங்க கண்ணாடிப் பெட்டியில வெச்ச மீன் மாதிரி. முன்னாடி புது எலக்ட்ரிக் காருங்க போச்சு. அதுங்க மட்டும் ஒலிபெருக்கியில பழைய ரெயிடரோட உறுமலைப் போட்டுக்கிட்டு ஊரையே அதிர வெச்சுது. மின்சார உறுமலுக்கு அனுமதி உண்டு.

காஸ்மிருக்குப் பொறுக்கல. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சார், வாயைத் தொறந்தார்.

"டுர்ர்ர்ர்ர்ர்..."

டெல்ஃபீன் திரும்பிப் பாத்தா. "கியரை மாத்துய்யா, மூச்சு வாங்குது பாரு."

"டுர்ர்ர்ர்... டுர்ர்ர்ர்ர்ர்!"

பின்னாடி டிரெய்லர்ல இருந்த கிழவன் காதுல அது விழுந்துச்சு, அவனும் ஆரம்பிச்சான். அவனுக்குப் பின்னாடி இருந்தவனும். ரெண்டு நிமிஷத்துல நாப்பத்தொரு வாயும் உறுமுது. ரோட்டோரத்துல ஜனம் விசில் அடிச்சுக் குதிக்குது. ஆல்காட் கையில அட்டையோட மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், இந்தச் சத்தம் எங்கேருந்து வருது?"

"என் வாயிலேருந்து."

"தயாரிப்பு வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு."

"பாகமெல்லாம் ஒரிஜினலா?"

காஸ்மிர் தலையாட்டறதுக்குள்ள டெல்ஃபீன் முந்திக்கிட்டா. "மேல்வரிசைப் பல்லு போன கிறிஸ்மஸுக்குப் போட்டது. முட்டி ரெண்டும் மாத்தினது."

"அடியே, சும்மா இருடி!"

"மாற்று உதிரிபாகம்"னு எழுதிக்கிட்டார் ஆல்காட். "சத்தம் நிறுத்தப்படணும் சார்."

ஒவ்வொரு டிரெய்லரா போனார். ஒருத்தருக்குக் கண்ணுல வேற லென்ஸ், ஒருத்தருக்கு இடுப்புல இரும்பு, ஒருத்தருக்குத் தலையில வேற எவனோட முடியோ. வரிசையா எல்லா வாயும் அடங்குச்சு. கடைசி டிரெய்லர்ல ஓர்வில் டக்கெட்டு மட்டும் நிறுத்தவே இல்ல.

"சார், உங்களுக்கு ஏதாவது மாத்தியிருக்கா?"

"நெஞ்சுல ஒரு பெட்டி வெச்சிருக்கான் டாக்டர். பேட்டரில ஓடுது. டுர்ர்ர்ர்!"

ஆல்காட் புஸ்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். அப்புறம் தொப்பியைக் கழட்டி மரியாதையாச் சொன்னார்: "அப்போ நீங்க மின்சார வண்டி சார். தாராளமா உறுமலாம்."

ஓர்வில் ஊரு எல்லை வரைக்கும் உறுமிக்கிட்டே போனார். மத்த நாப்பது பேரும் பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி அதைக் கேட்டுக்கிட்டே வந்தாங்க.

திங்கக்கிழமை காலையில ஹேசல்பரோ இதய டாக்டரோட வாசல்ல நாப்பது பேர் வரிசை. காஸ்மிர் ஏழாவது ஆளு. டாக்டரம்மா குழாயை வெச்சு முன்னாடி கேட்டாங்க, பின்னாடி கேட்டாங்க, காகிதத்துல ஓடின கோட்டையும் பாத்தாங்க.

"வோய்டா, உங்க இதயம் கல்லு மாதிரி இருக்கு. பொறந்தப்ப வந்தது அப்படியே இருக்கு. ஒண்ணையும் தொட வேண்டியதில்ல."

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா"ன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையா கெஞ்சினார் காஸ்மிர். "பேட்டரி வெக்கற அளவுக்கு ஒரு சின்னக் கோளாறுகூடவா இல்ல?"