சுந்தரம்மாவுக்கு இரும்புச் சட்டை எதற்கு

நாலாம் லயம், மேற்பிரிவு,
ரத்தோட்டை.
19.08.2008

என் கணவருடன் கூடப் பிறந்த ஒரே தங்கையாகிய சுந்தரம்மாவுக்கு, மதினி காத்தாயி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மூன்று கோழிகளும் சுகம். என் இடது காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம். அங்கே நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுமென்று மாரியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன். வேண்டும்போது உன் பெயரைக் கடைசியில்தான் சொல்வேன், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. நீ கொழும்புக்குப் போன இந்த இருபத்து நாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஏன் எழுதவில்லை என்பது உனக்கு மறந்திருக்கும். எழுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், முத்துவீரன் மகள் கல்யாணத்துக்கு என் சந்தனக் கலர் சேலையை இரவல் வாங்கிப் போனாய். திரும்பி வந்தபோது முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிலைக் கறை. கேட்டதற்கு, அது முன்னமே இருந்தது என்றாய். சரி, அதை எழுதவா நான் பேனாவைத் தேடி எடுத்தேன்? இல்லை.

விஷயம் காந்தாவைப் பற்றியது. என் பேத்தி, உன் அண்ணன் மகனுடைய மகள், இன்று விடியற்காலை பஸ்ஸில் உன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். தாய் குவைத்தில், தகப்பன் தம்புள்ளையில், வளர்த்தது நான். அங்கே அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. உன் வீட்டில் தங்கலாமா என்று போனில் கேட்டது அவள்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசச் சொல்லிப் போனை நீட்டினாள். கையில் மாவு என்று சொல்லிவிட்டேன். கையில் மாவு இல்லை. யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை மறுக்கவில்லையாம். அது எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. போய்ச் சேர்ந்ததும் கீழே டவுனில் யாகூப் நானாவின் கடைக்குப் போன் எடுப்பதாகச் சொன்னாள். எங்கள் மலையில் செல்போன் பிடிக்காது. ஒரு மணிக்கு வந்திருக்க வேண்டிய செய்தி. இப்போது இரண்டேகால். நான் ஒன்றும் கவலைப்படவில்லை. சும்மா இருக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

இந்தக் காந்தா, போன் பேசவும் போட்டோக் கொப்பி எடுக்கவும் ஆட்கள் வருகிற யாகூப் நானாவின் கொமியுனிகேஷன் கடையில்தான் இரண்டு வருஷம் வேலை செய்தாள். அவர் புது கம்ப்யூட்டர் மெஷின்கள் இறக்கியபோது பழையது ஒன்றை இவளுக்கே கொடுத்துவிட்டார். நான் சித்திரையில் விறகு பொறுக்கப் போய் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தேன். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துப் பனிமூட்டம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, பார்க்க ஒன்றும் இல்லை, திட்டவும் ஆள் இல்லை. பொறுக்க முடியாமல் காந்தா ஒரு நாள் அந்த மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்து, கேம் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதிலே ஒரு ராச்சியம் இருக்கிறது. மலை, காடு, கடைத்தெரு எல்லாம் இருக்கிறது. நாம் ஒரு பெண்ணை உண்டாக்கி, நடக்கவிட்டு, அவளைக் கொண்டு பேய் பிசாசுகளோடு சண்டை போட வேண்டும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. ஆகவே விரலால் தட்டுகிற கட்டைகளில் நான்கில் மட்டும், மாத்தளைத் தேர்த் திருவிழாவில் வாங்கிய ஒட்டுப் பொட்டுகளை ஒட்டிக்கொண்டேன். முன்னால் போகச் சிவப்பு, பின்னால் வரக் கறுப்பு, இடத்துக்குப் பச்சை, வலத்துக்கு மஞ்சள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் வைப்பது என்று காந்தா கேட்டாள். ஓநாய் கடிக்கும், கொள்ளைக்காரன் வெட்டுவான் என்றும் சொன்னாள். நான் யோசிக்கவே இல்லை. சுந்தரம்மா என்று வைக்கச் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதே. முதல் நாள் உன்னை ஓநாய் ஏழு தடவை கடித்துக் கொன்றது. ஏழு தடவையும் நான் கோழிகளுக்குக் கேட்கிற மாதிரிச் சிரித்தேன்.

இரண்டாம் நாள் சிரிப்பு வரவில்லை. எட்டாவது தடவை சாகும்போது நீ கையை நீட்டிக்கொண்டு விழுந்தாய், அது என்னவோ போலிருந்தது. காந்தா சொன்னாள், கவசம் போட வேண்டும் என்று. அந்த ராச்சியத்துக் கடையில் காட்டினாள். இரும்பில் ரவிக்கை. அதுவும் வயிற்றை மூடவில்லை. குத்த வருகிறவன் வயிற்றை விட்டுவிட்டுத்தான் குத்துவானா என்று கேட்டேன். வேறொன்று முழுக்க மூடியது, தலைக்கு அண்டா கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பியும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. நாற்பது வருஷம் கொழுந்து பறிக்க நான் மலை ஏறியது இடுப்பில் ஒரு படங்குச் சாக்கும் தலையில் ஒரு கம்பளியுமாகத்தான். அட்டை கடித்தது, குளவி கொட்டியது, கங்காணி கத்தினான், ஒருவனுக்கும் நான் இரும்பு கட்டிக்கொண்டு போகவில்லை.

"அப்பாயி, கவசம் போடாட்டி ஒரே அடியில போயிருவீங்க" என்றாள் காந்தா.

"இரும்ப மாட்டிக்கிட்டுப் போனா எதிர்ல வர்றவன் என்னா நெனைப்பான்? இவ சண்டைக்கு வர்றாண்டுதானே நெனைப்பான். சாதாரணமா உடுத்திக்கிட்டுப் போனா, பாவம் வேலைக்குப் போற பொம்பளைண்டு விட்டுருவான்" என்றேன்.

ஓநாய்க்கு அது தெரியவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. ஒரு வீட்டுப் பெட்டியில் நீளமாக ஒரு துணி அங்கி கிடந்தது, அச்சாக அதே சந்தனக் கலர். அதை உனக்கு உடுத்திவிட்டேன். அதன் பிறகு நான் செய்த பைத்தியக்காரத்தனங்களை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? யார் வீட்டுக்குள் போனாலும் உன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். கழற்றுவது லேசு இல்லை, ஒரு பட்டியலைத் திறந்து மூன்று இடத்தில் தட்ட வேண்டும். வெளியே வரும்போது திரும்ப மாட்ட மறந்துவிடுவேன், நீ முள்ளுக்காட்டில் வெறுங்காலோடு ஓடுவாய். ஒரு குகைக்குள் சாமி சிலை ஒன்று இருந்தது. அங்கேயும் பூட்ஸைக் கழற்றி, இருந்த வாளையும் கீழே வைத்துவிட்டுக் கும்பிட நிறுத்தினேன். சிலைக்குப் பின்னால் மூன்று எலும்புக்கூடு. மாட்டுத் தோலில் நல்ல சட்டை ஒன்று கிடைத்தது; வெள்ளிக்கிழமை என்பதால் போடவில்லை, சனிக்கிழமை அதை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மொத்தம் நாற்பத்தொரு தடவை உன்னைச் சாகடித்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எங்கே எப்படி என்று இப்போதும் சொல்வேன். அந்த அங்கி முழுக்க ரத்தம். என் சேலை உன் கைக்கு வந்தால் கறையாகாமல் இருக்காது என்று அப்போதும் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று பார்த்தேன் சுந்தரம்மா. அந்த ராச்சியத்தில் பெரிய வாசல் ஒன்று, அங்கே காவற்காரன் நிற்கிறான். காந்தா இரும்பு போட்டு உன்னைக் கொண்டுபோனால் நிறுத்துகிறான், எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், வாளை எடு என்கிறான். நான் சந்தனக் கலர் அங்கியோடு கொண்டுபோனால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடனே எனக்குத் தலைகால் புரியவில்லை. காந்தாவை உட்கார வைத்து எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதக் கதையைச் சொன்னேன். நீயும் நானும் மாத்தளைக்கு மருந்து எடுக்கப் போயிருந்தோம். தமிழர் கடைகள் எரிகிற புகை. பஸ் ஸ்டாண்டில் வெற்றிலை விற்கிற சிங்கள நோனா ஒருத்தி நம் இரண்டு பேரையும் தன் வீட்டுக்கு இழுத்துப்போய், பொட்டை அழித்து, அவர்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கம்பாயத்தையும் லேஸ் ரேந்தை வைத்த ஜாக்கெட்டையும் தன்னுடையதிலிருந்து ஆளுக்கொன்று உடுத்திவிட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, வயல் பக்கமாக நடத்திக் கூட்டி வந்தாள். நீ பாதி வழியில் "மதினி, ஜாக்கெட் கை புடிக்குது" என்றாய், அவள் உன் விலாவில் கிள்ளினாள். ஆறு மைல். அந்த ஆறு மைலும் நான் சேலைப் பேச்சை எடுக்கவில்லை. என் ஆயுளில் அந்த ஒரு நாள்தான். அதைச் சொல்லி, சாதாரண உடுப்பு எங்களைக் காப்பாற்றியது பார், இரும்பா காப்பாற்றியது என்று கேட்டேன். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் இந்த வேலை வந்தது. நேற்றுப் பகல் முழுக்க நான் செய்ததைக் கேள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், தோட்டத்து ஆபீஸில் துரை கையெழுத்து வைத்த கடிதம், பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு போட்டோக் கொப்பி, ஒரு தொகுதி பையில், ஒரு தொகுதி பாவாடை மடிப்பில் தைத்து. பூசாரியிடம் மந்திரித்த தாயத்து கழுத்துக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று. பஸ்ஸில் தமிழ்ப் பேப்பர் விரிக்கக் கூடாது, செக் பொயின்ட்டில் இறக்கினால் சிங்களத்தில் மட்டும் பேச வேண்டும், பொட்டு வைக்கக் கூடாது. கடைசியில் தகரப் பெட்டியின் அடியிலிருந்து நோனாவின் கம்பாயத்தையும் ஜாக்கெட்டையும் எடுத்து, இதை உடுத்திக்கொண்டு போ என்று நீட்டினேன்.

அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"இதா சாதாரண உடுப்பு அப்பாயி? இது நோனாவோட உடுப்பு. அன்னைக்கு உங்களுக்கு இதுதான் கவசம். என் சாதாரண உடுப்பு இதோ, நான் போட்டிருக்கேனே, இந்தச் சுடிதாரு. கேம்ல அந்தப் பொம்பளைய நாப்பத்தோரு தடவ இரும்பில்லாம அனுப்புனீங்க. என்னைய மட்டும் ஏன் இப்புடிக் கட்டி அனுப்புறீங்க?"

அவ பொம்மை, நீ பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்ன கேட்கிறாள் என்பது அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது, கையை நீட்டி அந்த உடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஜாக்கெட்டை மடிக்கும்போது காந்தா, இதை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று வேறு கேட்டுவிட்டாள். இருபத்தைந்து வருஷமாக நான் கொடுக்கவில்லை. நீ உன்னுடையதைத் துவைத்து மடித்து மறு வாரமே கொண்டுபோய்க் கொடுத்தாய், எனக்குத் தெரியும். என்னுடையதில் வரும் வழியில் முள் கிழித்துவிட்டது. கிழிசலோடு கொடுத்தால் நோனா என்ன நினைப்பாளோ என்று இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, அவள் செத்தும் போய்விட்டாள். இரவல் உடுப்பைப் பற்றி ஊரெல்லாம் நியாயம் பேசியவள் நான். ஆகவே சேலை விஷயத்தை இன்றோடு விடுகிறேன். எழுதி வைத்துக்கொள், இல்லாவிட்டால் நாளைக்கு நானே இல்லை என்பேன்.

இன்று விடியற்காலை அவள் சுடிதார் போட்டு, அடையாள அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டாள். தாயத்தில் ஒன்றை என் சந்தோஷத்துக்குக் கட்டிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்தாள். முன்னால் போகிற கட்டையிலிருந்த சிவப்புப் பொட்டை உரித்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"இத எடுக்கச் சொல்லாதீங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. பஸ் வளைவு திரும்புகிற வரைக்கும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். யாகூப் நானாவே கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றும்வரை எனக்குப் பொறுக்கவில்லை, முகத்தைக் காட்டுங்கள் என்று கத்தினேன்.

"பயப்பட ஒண்ணும் இல்ல பாட்டி. புள்ள போய்ச் சேந்துட்டா. வழியில பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கி, இவட அட்டையப் பார்த்துட்டு அர மணித்தியாலம் நிக்க வெச்சாங்களாம். பொறகு போகச் சொல்லிட்டாங்க. அந்த அம்மா ஸ்டாண்டுக்கே வந்து நின்னாவாம், நேரா பொலிஸுக்குக் கூட்டிட்டுப் போய், தன்ட வீட்டுல தங்குறாண்டு பேரப் பதிஞ்சிட்டுத்தான் சோறு போட்டாவாம்" என்றார்.

அந்த அம்மா நீதான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், சீனிக்குப் பதில் உப்பு. பாவம், அவர் முகம் சுளிக்காமல் பாதி குடித்தார். நான் கவலைப்படவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஆகவே சுந்தரம்மா, அவள் விருப்பப்படி உடுத்தட்டும், பொட்டும் வைக்கட்டும், நீ ஒன்றும் சொல்லாதே. மனுஷர் மனுஷராக உடுத்திக்கொண்டு ரோட்டில் நடக்க வேண்டும். இரும்பும் காகிதமும் கட்டி ஒருத்தரைக் காப்பாற்ற முடியாது என்று நாற்பத்தொரு தடவை பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு இப்போது மனம் நிம்மதி. உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் துணை நிற்கட்டும். நாளைக்கு வேண்டும்போது உன் பெயரைக் கடைசிக்கு முந்தினதாகச் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் மதினி,
காத்தாயி

பின்குறிப்பு: பாவாடை மடிப்பில் தைத்த காகிதங்களை நான் பிரிக்கவில்லை. அவள் பையிலிருக்கிற பச்சைப் பாவாடை, இடது பக்கம். அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே, துவைக்கும்போது மட்டும் பார்த்துக்கொள். இன்னொன்று. யாகூப் நானா போனதும் மெஷினைப் போட்டேன். போய்ச் சேர்ந்தது ஒரு நாள்தானே, வேலைக்குத் தினமும் போய் வர வேண்டுமே என்று தோன்றியது. கடையில் இருந்த இரும்பு அத்தனையும் வாங்கி உனக்கு மாட்டிவிட்டேன். அந்த அண்டாத் தொப்பியும்தான். பூட்ஸ் கழற்றவில்லை. இப்போது நீ அந்த ராச்சியத்தில் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாய். முன்னால் போகிற கட்டையில் பொட்டு இல்லை. அது எந்தக் கட்டை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அழுத்தவில்லை. உள்ளே பிள்ளை இருக்கிறாள், நீ அங்கேயே நில்.